முதல் கலகமா, முதல் சண்டையா? பண்டாரு அச்சமாம்பாவின் கதையைத் தமிழாக்குவது எப்படி

தெலுங்கு எழுத்தாளர் பண்டாரு அச்சமாம்பாவின் கதைகளில் ஒன்றுக்குப் பெயர் ‘தம்பதுல பிரதம கலஹமு’. தெலுங்கு எழுத்து மட்டும் படிக்கத் தெரிந்த தமிழர் அதை அரை நிமிடத்தில் ‘தம்பதிகளின் முதல் கலகம்’ என்று எழுதிவிடுவார். நமக்குக் கலகம் என்றால் ஊர் ரெண்டுபட்டு, கடையெல்லாம் அடைத்து, போலீஸ் வந்து நிற்பது. தெலுங்கில் ‘கலஹமு’ வெறும் சண்டை. கல்யாணமான புதிதில் கணவனுக்கும் மனைவிக்கும் மூளும் முதல் மனத்தாங்கல்தான் அந்தத் தலைப்பு. ‘முதல் சண்டை’ என்று எழுதினால் வேலை முடிந்தது.

தெலுங்கும் தமிழும் பக்கத்துப் பக்கத்து வீடு. இந்த வேலையில் பெரிய ஆபத்தே அதுதான். ஜெர்மன் கதையை மொழிபெயர்க்கிறவர் ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியைப் புரட்டுவார். தெலுங்கிலிருந்து வருகிறவர் புரட்ட மாட்டார், சொல் தெரிந்த முகமாக இருக்கும். கீழே சொல்லியிருப்பதில் பெரும்பகுதி, அந்தத் தெரிந்த முகங்களைச் சந்தேகிப்பது எப்படி என்பதுதான்.

யாரை மொழிபெயர்க்கிறோம்

பேனாவை எடுக்கும் முன் இவருடைய வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள வேண்டும். கதையில் எந்தச் சொல்லுக்கு எவ்வளவு அழுத்தம் கொடுப்பது என்பதை அதுதான் தீர்மானிக்கும். அச்சமாம்பா 1874-ல் கிருஷ்ணா மாவட்டத்து நந்திகாமாவில் பிறந்தார். பள்ளிக்கூடம் போனதில்லை. சின்ன வயதிலேயே தகப்பன் இறந்து, பத்து வயதில் கல்யாணமும் ஆகிவிட்டது. தம்பி கொமர்ராஜு லட்சுமணராவ் படிக்கும்போது கூடவே உட்கார்ந்து தெலுங்கும் இந்தியும் மராத்தியும் கற்றார். பிறகு வங்காளமும் கொஞ்சம் சமஸ்கிருதமும் தானாகவே படித்தார். தெலுங்கில் கலைக்களஞ்சியம் தொடங்கிய லட்சுமணராவ் இந்தத் தம்பிதான். ‘அபலா சச்சரித்ர ரத்னமாலா’ என்ற பெண்கள் வரலாற்று நூலை அச்சமாம்பா எழுதினார். பல மொழி நூல்களையும் படித்துச் சேகரித்த செய்திகளால் ஆனது அது. 1902-ல் மச்சிலிப்பட்டினத்தில் பெண்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்குவதில் முன்னின்றார். 1905 ஜனவரியில் மறைந்தபோது வயது முப்பது.

பள்ளிக்கூடத்து வாசல்படி மிதிக்காத பெண் ‘ஸ்திரீ வித்ய’ என்று கதைக்குப் பெயர் வைக்கிறார். அதை ‘பெண் வித்தை’ என்று எழுதிவிட்டால் சர்க்கஸ் கூடாரம் கண்முன் வரும். ‘பெண் கல்வி’தான் சரி. இந்த ஒரு தலைப்பில் செய்யும் பிழை அவர் வாழ்க்கையையே தப்பாகச் சொன்னதாகிவிடும்.

மொழிபெயர்த்துப் பழகுவதற்கு அச்சமாம்பாவைச் சிபாரிசு செய்ய இன்னொரு காரணமும் உண்டு. இந்தியச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளுக்குப் பதிப்புரிமை இருக்கும். 1905-ல் மறைந்தவர் விஷயத்தில் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. சென்னையிலேயே வாழ்ந்து, தமிழ் நாவல்களைத் தெலுங்குக்குக் கொண்டுபோன மாலதி சந்தூரின் எழுத்து அப்படியல்ல. அவர் 2013-ல் மறைந்தார். 2073 முடியும்வரை வாரிசுகளின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். அந்தக் கடிதத்தில் எந்த மொழி, அச்சா மின்னூலா ஒலிநூலா, எத்தனை ஆண்டு, பத்திரிகையில் முதலில் வரலாமா என்பதெல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். வாய்ப்பேச்சில் கிடைத்த அனுமதியை நம்பி நானூறு பக்கம் பெயர்த்துவிட்டுத் தவிக்காதீர்கள்.

அச்சமாம்பா விஷயத்திலும் ஒரு எச்சரிக்கை. மூலக்கதைதான் பொதுச்சொத்து. இன்றைய தொகுப்பாசிரியர் எழுதிய முன்னுரையும் அடிக்குறிப்பும் அவருடையவை. அவற்றைப் படித்துப் பயன் பெறலாம், பெயர்த்துப் போடக் கூடாது.

மூலப்பாடத்தைப் பிடிப்பதும் படிப்பதும்

ஸ்ரீகாகுளத்தில் காளீபட்டணம் ராமாராவ் 1997-ல் தொடங்கிய கதாநிலயம், தெலுங்குச் சிறுகதைக்கென்றே உள்ள நூலகம். பழைய பத்திரிகைப் பக்கங்களின் ஸ்கேன் பிரதிகளை இணையத்திலும் வைத்திருக்கிறது. முடிந்தவரை பழைய அச்சுப் பக்கத்தையே மூலமாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வந்த பதிப்புகளில் சில இடங்களில் நடையை ‘இன்றைக்கு ஏற்ப’ திருத்தியிருக்கலாம். இரண்டு பிரதி கிடைத்தால் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் முழுவதையும் ஒப்பிட வேண்டும்.

அச்சமாம்பா காலத்து அச்சில் இன்றைய தெலுங்கில் இல்லாத இரண்டு குறிகள் வரும். ஒன்று ‘அரசுன்ன’ (அரைச்சுன்னா), எழுத்துக்குப் பின்னால் நிற்கும் பாதி வட்டம். இன்னொன்று ‘பண்டி ர’ என்னும் வல்லின றகரம். தெலுங்குப் பிள்ளைகளே இன்று தடுமாறும் இந்த இரண்டும் தமிழருக்கு எளிது. ‘மூடு’ என்ற எண்ணில் மூவுக்குப் பின்னால் அரைச்சுன்னா இருக்கும். அங்கே ஒரு மூக்கொலி இருந்து மறைந்துவிட்டது என்பதற்கான அடையாளம் அது. நம் ‘மூன்று’ அந்த ஒலியை இன்னும் வைத்திருக்கிறது. ஆறுக்கும் நூறுக்கும் பழைய தெலுங்கில் பண்டி ர போடுவார்கள், நம் றகரமும் அதே இடத்தில்தான் வரும். பழைய சொல் ஒன்று பிடிபடாமல் போனால், அரைச்சுன்னா இருக்கும் இடத்தில் ன், ண், ம் போட்டு வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பல நேரம் தமிழ்ச் சொல் ஒன்று எட்டிப் பார்க்கும். எட்டிப் பார்த்ததை அகராதியில் சரிபார்க்காமல் எழுதாதீர்கள்.

ஸ்கேன் படத்தை மென்பொருளில் போட்டு எழுத்தாக மாற்றினால் ப–வ, மற்றும் உள்ளே புள்ளி இருக்கிறதா இல்லையா என்பதில் மட்டும் வேறுபடும் த வகை எழுத்துகள் குழம்பும். ‘பனி’ என்றால் வேலை, ‘வனி’ என்றால் தோப்பு. மை மங்கிய பக்கத்தில் இயந்திரத்தை நம்பாமல் கையால் தட்டச்சு செய்வதே நல்லது. ஐந்தாறு பக்கக் கதைக்கு ஒருநாள் போகும். போனால் போகட்டும், அந்த ஒருநாளில் கதை மனதில் ஏறிவிடும்.

அகராதி விஷயத்தில் இன்றைய கையகராதி போதாது. 1852-ல் வந்த சார்லஸ் பிலிப் பிரவுனின் அகராதியும், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த ‘சப்தரத்னாகரமு’ம் அச்சமாம்பா காலத்துப் பொருளைத் தரும். எதிர்ப்பக்கத்துக்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன். தெலுங்குச் சொல் தமிழிலும் இருந்தால் இரண்டு பக்கமும் பார்த்த பிறகே எழுதுவது என்று ஒரு வைராக்கியம் வைத்துக்கொள்ளுங்கள்.

வந்தது யார்?

தடுமாற்றம் அதிகம் நேரும் இடம் வினைமுற்று. நிதானமாகப் பார்க்க வேண்டும்.

பழைய இலக்கியத் தெலுங்கில் ‘வச்செனு’ என்ற ஒரே சொல் வந்தான், வந்தாள், வந்தது மூன்றுக்கும் நிற்கும். இன்றைய தெலுங்கில் ஆணுக்கு ‘வச்சாடு’ என்று தனி வடிவம் உண்டு. பெண்ணுக்கும் அஃறிணைக்கும் இன்றும் ஒன்றுதான்: ‘வச்சிந்தி’. அம்மா வந்தாலும் பசு வந்தாலும் ‘வச்சிந்தி’. அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை, மொழியின் அமைப்பே அப்படி.

ஆனால் தமிழில் எழுதும்போது ஒவ்வொரு முறையும் ஒரு முடிவெடுத்தே ஆக வேண்டும். வந்தாளா, வந்தாரா? மூல ஆசிரியர் சொல்லாத ஒன்றை நாம் சொல்லப் போகிறோம். ‘லோபலிகி வச்செனு. மாட்லாடலேது.’ இப்படி எழுவாய் இல்லாமல் இரண்டு வாக்கியம் வந்தால், முன்பத்திக்குப் போய் யார் வாசலில் நின்றார் என்று பார்த்துவிட்டு, ‘உள்ளே வந்தாள். பேசவில்லை’ என்று எழுத வேண்டும். வந்தாள் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் பேசவில்லை தானாகச் சரியாகிவிடும், நம் எதிர்மறையும் பால் காட்டாது.

இதற்கு ஒரே வழி, மொழிபெயர்க்கத் தொடங்கும் முன் ஒரு தாளில் கட்டம் போடுவது. இடப்பக்கம் பாத்திரங்களின் பெயர். அடுத்த கட்டத்தில் கதைசொல்லி அவரை எப்படிச் சொல்கிறார்: அவனா, அவளா, அவரா. அதற்கடுத்து கணவன் மனைவியை, மனைவி கணவனை, மாமியார் மருமகளை, வேலைக்காரர் எஜமானியை எப்படி விளிக்கிறார்கள். தெலுங்கில் ஆணுக்கு ‘வாடு’, ‘அதனு’, ‘ஆயன’ என்றும், பெண்ணுக்கு ‘அதி’, ‘ஆமெ’, ‘ஆவிட’ என்றும் படிகள் உண்டு. ‘ஆமெ’ நம் அவளுக்கும் அவருக்கும் நடுவில் நிற்கும். அந்த நடுப்படி எழுத்துத் தமிழில் இல்லாததால் கட்டத்தில் முதலிலேயே முடிவு செய்துவிட்டு, கதை முழுக்க அதையே பிடித்துக்கொள்ளுங்கள். பாதியில் ‘அவள்’ ‘அவர்’ ஆவது கதையில் ஏதாவது நடந்திருந்தால் மட்டுமே.

எங்கள் பரிந்துரை: கதைநாயகிக்கு ‘அவள்’. தமிழ்ப் புனைகதையில் அது நெருக்கம்தான், இளக்காரம் அல்ல. அச்சமாம்பாவைப் பற்றிய குறிப்பில் எப்போதும் ‘அவர்’.

கணவன்–மனைவி பேச்சில் ‘நுவ்வு’க்கு நீ, ‘மீரு’வுக்கு நீங்கள். ‘மனமு’ வந்தால் நாம், ‘மேமு’ வந்தால் நாங்கள். இந்த வித்தியாசம் இரண்டு மொழிக்கும் பொது, கிடைத்த சொத்து. ஆங்கில மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு தமிழாக்குகிறவர்கள் முதலில் இழப்பது இதைத்தான். ‘நமக்குப் பணம் வேண்டும்’ என்று மனைவி சொல்வதும் ‘எங்களுக்குப் பணம் வேண்டும்’ என்று சொல்வதும் வேறு வேறு கதை.

அக்கால நடையில் மனைவி ‘நாதா’ என்று அழைத்தால் அப்படியே தமிழில் போடாதீர்கள், நாடகக் கொட்டகை வாசனை அடிக்கும். ‘நீங்கள்’ என்ற சொல்லும் பன்மை வினையும் அந்த மரியாதையைச் சுமந்துவிடும். ‘ஏமண்டீ’க்கு ‘ஏங்க’ பொருந்தும். ஆனால் பிராமணக் குடும்பக் கதை என்பதால் ‘ஏன்னா’, ‘அவா’, ‘இவா’ என்று தஞ்சாவூர் அக்ரகாரப் பேச்சைப் போட்டுவிடுவது பெரிய தவறு. கிருஷ்ணா மாவட்டத்துக் குடும்பம் கும்பகோணத்துக்குக் குடிவந்துவிடும். வட்டாரச் சாயல் இல்லாத, வாய்க்கு வரக்கூடிய பொதுத்தமிழே இங்கே நேர்மையானது.

உறவுப்பெயர்களில் ‘தோடிகோடலு’ ஓரகத்தி, ‘ஆடபடுச்சு’ நாத்தனார், ‘மேனத்த’ அத்தை, ‘அத்தகாரு’ மாமியார். ‘வதின’ பெரும்பாலும் அண்ணி. ‘பாவ’ வந்தால் அத்தான் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதாமல், அக்காள் கணவரா முறைப்பையனா என்று பார்த்து, விளிக்கும் இடத்தில் மட்டும் அத்தான் போடுங்கள்.

தெரிந்த முகங்கள்

குறிப்பேட்டில் முதல் பக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டியவை சில. ‘அவஸரம்’ தெலுங்கில் தேவை. ‘நாகு நீ அவஸரம் லேது’ என்றால் ‘எனக்கு நீ தேவையில்லை’ என்று முகத்தில் அடித்த மாதிரிச் சொல்வது. ‘எனக்கு அவசரமில்லை’ என்று எழுதினால் ஒரு முறிவு அப்படியே காணாமல் போகும். அவசரத்துக்குத் தெலுங்கில் ‘தொந்தர’. அதைப் பார்த்துத் ‘தொந்தரவு’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. ‘அனுமானம்’ சந்தேகம், ஊகம் அல்ல. ‘சமாதானம்’ பெரும்பாலும் பதில். ‘ஆலோசன’ யோசனை, யாருக்கும் சொல்லும் புத்திமதி இல்லை. ‘சம்சாரம்’ குடும்ப வாழ்க்கை. ‘பச்சடி’ சாப்பாட்டு இலையில் வந்தால் அது அரைத்த துவையல், தயிர் ஊற்றியது அல்ல.

‘உத்தரம்’ கடிதம். ‘ஸ்திரீ வித்ய’ கணவனும் மனைவியும் பேசிக்கொள்வதாகவே நகரும் கதை. பிரியப் போகும் கணவன், கடிதம் எழுதிக்கொள்ளவாவது படிக்கக் கற்றுக்கொள் என்கிறான். அங்கே உத்தரம் கூரையில் கிடந்தால் கதை இடிந்து விழும்.

பழமொழி வந்தால் இன்னும் கவனம். ‘எருவுல சொம்மு பருவுல சேட்டு’ என்று தெலுங்கில் ஒரு வழக்கு. ‘எருவு’ என்றால் உரமும்தான், இரவலும்தான். இங்கே இரவல். ‘இரவல் நகை, சுமையும் கேடும்’ என்று நேராகச் சொன்னாலே தமிழில் நிற்கிறது. நம்மிடம் ‘இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம்’ இருக்கிறதே என்று அதைப் போட்டால் கருத்து மாறிவிடும். நம் பழமொழி நம்பி ஏமாறுவதைச் சொல்கிறது, தெலுங்கு வழக்கு கடன் வாங்கி அணிவதன் பாரத்தைச் சொல்கிறது. கருத்து நூற்றுக்கு நூறு பொருந்தாவிட்டால் சொந்தப் பழமொழியைக் கொண்டுவராதீர்கள்.

எழுதும் வரிசை

கதையைப் பென்சில் இல்லாமல் ஒருமுறை, பென்சிலோடு ஒருமுறை படியுங்கள். பத்திகளுக்கு எண் கொடுங்கள். உரையாடல் கதை என்றால் பேச்சு மாறும் இடங்களை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். மூலத்தில் அறுபது முறை பேச்சு மாறினால் தமிழிலும் அறுபது இருக்க வேண்டும். ஐம்பத்தெட்டு என்றால் எங்கோ கண் ஒரு வரி தாவிவிட்டது. ஒரே சொல்லில் தொடங்கும் இரண்டு வரிகள் அடுத்தடுத்து வரும் இடத்தில்தான் பெரும்பாலும் இது நடக்கும்.

முதல் படியில் தெலுங்கு முன்னால் இருக்கட்டும். நாளைக்கு 400 சொல்லுக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் தெலுங்கு வாக்கியம் தமிழ்ச் சட்டை போட்டுக்கொண்டு வரத் தொடங்கும். இரண்டாவது படியில் தெலுங்கை மூடிவிட்டுத் தமிழை மட்டும் திருத்துங்கள். ‘சேசிகொனி’யைப் பார்த்துப் பார்த்து எழுதிய ‘செய்துகொண்டு’கள் எல்லாம் இப்போது கண்ணை உறுத்தும். பாதியை ‘செய்து’ ஆக்கினால் போதும். பிறகு பத்து நாள் ஆறப்போடுங்கள். மூன்றாவது படி வாய்விட்டுப் படித்துத் திருத்துவது. அதன்பின் தெலுங்கு தெரிந்த ஒருவர் மூலத்தோடு ஒப்பிட வேண்டும். தெலுங்கே தெரியாத ஒருவரும் படிக்க வேண்டும், அவர் எங்கே நின்று திரும்பிப் படிக்கிறார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

நடை எந்தக் காலத்துத் தமிழாக இருக்க வேண்டும்? அ. மாதவையாவின் ‘பத்மாவதி சரித்திரம்’ 1898-ல் வந்தது, ஏறக்குறைய அச்சமாம்பா எழுதிய அதே காலம். அதில் பத்துப் பக்கம் படித்துக் காதைப் பழக்கிக்கொள்ளுங்கள். அந்த நடையைப் போலி செய்ய வேண்டாம், படிப்பவர்களுக்கு மூச்சு முட்டும். இன்றைய எளிய எழுத்துத் தமிழில் எழுதி, குமாஸ்தா, அணா போன்ற காலச் சொற்களை மட்டும் விட்டுவையுங்கள். ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்படி. இன்றைய மதிப்புக்கு மாற்றிக் காட்ட வேண்டாம்.

இன்றைய தெலுங்கிலிருந்து வந்த நல்ல தமிழ் எப்படி ஒலிக்கும் என்று பார்க்க, ஓல்காவின் ‘விமுக்த’வைக் கௌரி கிருபானந்தன் தமிழாக்கிய ‘மீட்சி’யை எடுத்துக்கொள்ளுங்கள். சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்பு விருது பெற்ற நூல். மூலத்தையும் அதையும் பக்கத்தில் வைத்து இரண்டு பக்கம் ஒப்பிடுங்கள். அவர் எங்கே வாக்கியத்தை உடைத்தார், எங்கே சேர்த்தார் என்று பார்ப்பது, ஒரு பயிலரங்குக்குப் போய் வந்ததற்குச் சமம்.

பண்டிகை, அடிக்குறிப்பு

1902-ல் வந்த ‘தனத்ரயோதசி’ வறுமையில் உழலும் ஒரு வீட்டின் கதை. பணத்துக்காக வழுக்கப்போகும் கணவனை மனைவி நிறுத்துகிறாள். தலைப்பில் இருக்கும் நாள், தெலுங்கு ஆஸ்வயுஜ மாதத் தேய்பிறைத் திரயோதசி. நாம் தீபாவளி கொண்டாடும் சதுர்த்தசிக்கு முந்தின நாள். லட்சுமியை வணங்கும் நாள் என்பது தெரியாவிட்டால், அன்றைக்கென்று வீட்டில் காசில்லை என்பதன் வலி வாசகருக்கு எட்டாது. இதை அடிக்குறிப்பில் தள்ளாதீர்கள். ‘தீபாவளிக்கு முந்தின நாள்’ என்ற இரண்டு மூன்று சொல்லை முதல் பத்தியிலேயே சேர்த்துவிடலாம். தலைப்பை ‘தனத் திரயோதசி’ என்றே வைக்கலாம். ஆஸ்வயுஜத்தை ஐப்பசி என்று மாற்ற வேண்டாம். அது சந்திர மாதம், நம்முடையது சூரிய மாதம், சில ஆண்டுகளில் முன்பின்னாகிவிடும்.

ஆசிரியர் குறிப்பு 300 சொல்லுக்குள் இருக்கட்டும். ‘தெலுங்கின் முதல் சிறுகதையாசிரியர்’ என்று ஒரே வரியில் அடித்துச் சொல்லாமல், குரஜாட அப்பாராவின் 1910-ஆம் ஆண்டுக் கதை ‘தித்துபாட்டு’ நெடுங்காலம் முதல் கதையாகக் கருதப்பட்டது, அச்சமாம்பாவின் ‘தனத்ரயோதசி’ அதற்கு எட்டாண்டு முந்தியது என்று ஆண்டுகளைக் கொடுங்கள். வாசகர் தானே புரிந்துகொள்வார். பண்டாரு என்பது புகுந்த வீட்டுப் பெயர், கொமர்ராஜு பிறந்த வீட்டுப் பெயர். தெலுங்கில் முன்னால் வருவது வீட்டுப்பெயர், நம் ஊர் போலத் தகப்பன் பெயரின் முதலெழுத்து அல்ல. அதனால் ‘ப. அச்சமாம்பா’ என்று சுருக்கக் கூடாது.

திருத்துவதற்கான மெய்ப்புப் படி வந்ததும் அந்தப் பெயரைத்தான் முதலில் பாருங்கள். தட்டச்சு செய்கிறவர்கள் ‘அச்சம் ஆம்பா’ என்று பிரித்துவிடுவார்கள், ‘அச்சமாம்பாள்’ என்று ள் போட்டுத் தமிழாக்கியும் விடுவார்கள். அட்டை, உள்தலைப்பு, பதிப்புரிமைப் பக்கம், பக்கத் தலைப்பு ஆகிய நான்கு இடத்திலும் ‘பண்டாரு அச்சமாம்பா’ ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அட்டையில் அவர் பெயர் உங்கள் பெயரைவிடப் பெரிய எழுத்தில் இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு, அச்சுக்கு அனுப்புங்கள்.